காவலனும் சுற்றமும்: தோட்டத்து மேடையில் பொன்னர் சங்கர்

(கொஸ்லந்தயில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய வடிவம்)



மலையகக் கூத்துகளைப் பற்றிப் பேசும்படி கேட்டிருந்தீர்கள். அந்தப் பெரிய பரப்பில் ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். சட்டம் கைகொடுக்காத இடத்தில் எளியவர்களுக்காகக் கை ஓங்கும் காவலன் ஒருவனை எல்லா நாட்டுக் கதைகளும் படைத்திருக்கின்றன. அவனைச் சுற்றித் தங்கை, துணைவன், நாய், குதிரை, பகைவன் என்று ஒரு பெருங்கூட்டம் சேர்கிறது. அந்தக் கூட்டம் எதற்காக?

மாணவர்களுக்குத் தெரிந்த இடத்திலிருந்து தொடங்குகிறேன். பேட்மேன் 1939 மே மாதம் அமெரிக்கச் சித்திரக்கதை இதழொன்றில் அறிமுகமானான். பாப் கேன் வரைய, பில் ஃபிங்கர் எழுதினார். பெற்றோரைக் கொள்ளையனின் துப்பாக்கிக்குப் பறிகொடுத்த செல்வந்தர் வீட்டுப் பிள்ளை, இரவில் முகமூடி அணிந்து குற்றவாளிகளை வேட்டையாடுகிறான். முதலில் அவன் தனியாள். தன் நாயகனுக்குப் பேச்சுத்துணைக்கு ஆளில்லையே என்பது பில் ஃபிங்கருக்கு உறுத்தலாக இருந்தது. அதனால் 1940இல் ராபின் என்ற சிறுவன் வந்தான். அதே ஆண்டில் ஜோக்கர் என்ற பகைவனும், பாதி பகையும் பாதி காதலுமான பூனைப்பெண்ணும் வந்தார்கள். 1943இல் பணியாள் அல்ஃபிரட், 1955இல் ஏஸ் என்ற நாய், 1956இல் பேட்வுமன், 1967இல் காவல்துறை ஆணையரின் மகளே முகமூடி அணிந்த பேட்கேர்ள். கூடவே வௌவால் வடிவக் கார், விமானம், படகு. தனியாளாகத் தொடங்கியவனுக்கு முப்பது ஆண்டுக்குள் ஒரு குடும்பமே சேர்ந்துவிட்டது.

ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கு பேட்மேனைவிட முகமூடி வீரர் மாயாவி நெருக்கமானவர். லீ ஃபாக் 1936 பெப்ரவரியில் தொடங்கிய தொடர் அது. ஹீரோ என்ற வெண்குதிரை, டெவில் என்ற ஓநாய், மண்டையோட்டுக் குகை, நண்பர் குரன், 1977இல் மனைவியாகும் டயானா ஆகியோரைச் சொன்னாலே பலருக்கும் பழைய இதழ்களின் வாசம் வரும். முகமூடி அணிந்த மாயாவிகள் வரிசையில் இவர் 21ஆவது ஆள். முகமூடி தந்தையிடமிருந்து மகனுக்குக் கைமாறி வருவதால்தான் காட்டு மக்கள் அவரைச் சாவில்லாதவர் என்று நம்புகிறார்கள்.

இந்த இரண்டு கதைகளிலும் சுற்றம் நாயகனுக்குத் துணை நிற்கிறது. அவனுக்குத் தேவையானபோது வருகிறது, அவன் வேலையை எளிதாக்குகிறது. நம் தோட்டங்களில் விடிய விடிய ஆடப்படும் பொன்னர் சங்கர் கதையிலோ சுற்றத்தின் இடம் வேறு. அது நாயகனை அனுப்புகிறது, தடுக்கிறது, சபிக்கிறது, விழுந்தால் எழுப்புகிறது. காவலன் என்பவன் தன் சுற்றத்துக்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவன் என்பதே அந்தக் கதை தரும் இலக்கணம். இதை நிறுவுவதே என் நோக்கம்.

கதையின் பாடம் பற்றி ஒரு சொல். காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் மூன்றும் மலையகத்தின் முதன்மையான கூத்துகள். திருச்சி, சேலம், புதுக்கோட்டை, மதுரைச் சீமைகளிலிருந்து வந்த முன்னோர் அவற்றைக் கொண்டுவந்தார்கள். பொன்னர் சங்கர், கொங்கு நாட்டில் அண்ணன்மார் கதை என்று உடுக்கையடித்துப் பாடப்படுவது. கனடிய மானுடவியலாளர் பிரெண்டா பெக் 1960களின் நடுவில் கொங்குக் கிராமமொன்றில் அதை ஒலிப்பதிவு செய்தார். சென்னை ஆசியவியல் நிறுவனம் 1992இல் அதை நூலாக்கியது. தோட்டத்துக்குத் தோட்டம் பாடம் மாறும் என்பதால், நிகழ்ச்சிகளின் வரிசைக்கு அந்த அச்சுப் பாடத்தையே பின்பற்றுகிறேன்.

இந்தக் கதையை இந்த மலைகளில் இத்தனை தலைமுறையாக ஏன் விடாமல் ஆடினார்கள்? 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்படி, முன்னறிவித்தல் இல்லாமல் தோட்டத்தைவிட்டுப் போன தொழிலாளி குற்றவாளி. அவனைச் சிறைக்கு அனுப்பலாம். அடுத்த தோட்டத்தில் வேலை கேட்க வேண்டுமானால் கடனைச் சொல்லும் துண்டு கையில் இருக்க வேண்டும். அந்தத் துண்டு முறை 1921 வரை நீடித்தது. சட்டமே வேலியாக நின்ற இடத்தில், வேலிக்கு வெளியிலிருந்து வரும் காவலனைத் தேடாமல் ஒரு சமூகம் வாழ முடியாது. முனியாண்டி, மாடசாமி, மதுரைவீரன் என்று லயத்துக்கு லயம், மலைக்கு மலை காவல் தெய்வங்கள் நின்றது அதனால்தான். ஆனால் காவலனின் சுற்றத்தை முழுமையாக மேடையேற்றிக் காட்டுவது பொன்னர் சங்கர்.

1. நாயகனுக்கு முன் இரண்டு தலைமுறை

பேட்மேனின் பெற்றோர் கதையில் சில படக்கட்டங்களுக்குள் செத்துப்போகிறார்கள். அவர்கள் சாவது அவன் முகமூடி அணிவதற்கு. பொன்னரும் சங்கரும் பிறப்பதற்கு முன்போ, கதை நெடுந்தூரம் வந்துவிடுகிறது. காட்டைத் திருத்திக் கழனியாக்கிய பாட்டன் கதை, தாய் தகப்பனை இழந்து பங்காளிகளால் விரட்டப்பட்டு அயலூரில் மாடு மேய்த்த தகப்பன் குன்னுடையான் கதை, பிள்ளையில்லாத பழியோடு சிவனை நோக்கித் தவமிருந்த தாய் தாமரையின் கதை எல்லாம் முடிந்த பிறகே நாயகர்கள் வருகிறார்கள். அவர்கள் பிறக்கும்போதே கொலைச் சதி காத்திருக்கிறது. ஆண் குழந்தையானால் கொன்றுவிடும்படி மருத்துவச்சியைப் பங்காளிகள் ஏவியிருக்கிறார்கள். மாயவரான திருமாலின் அருளால் குழந்தைகள் தப்பி, செல்லாத்தா கோயிலின் நிலவறையில் மறைவாக வளர்கிறார்கள்.

நிலவறையில் வளரும் நாயகன் என்றதும் மாணவர்களுக்கு வௌவால் குகை நினைவுக்கு வரும். அங்கே குகை நாயகனின் ஆயுதச் சாலை. இங்கே நிலவறை, தாயிடமிருந்து பிள்ளையைப் பிரித்து வைத்த இடம். வெளியே வரும் நாளிலேயே அந்தப் பிள்ளைகள்மீது ஒரு கடன் ஏறிவிடுகிறது: பாட்டனின் நிலம், தகப்பனின் அவமானம், தாயின் தவம். கங்காணிக்குப் பாட்டன் பட்ட கடனைப் பேரன் அடைத்த தோட்டத்தில், தலைமுறை தாண்டி வரும் கணக்கு என்றால் என்னவென்று யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் இங்கே பேரன்மார் அடைப்பது பணக் கடனை அன்று. பட்ட அநியாயத்துக்கான ஈட்டை. அதைத் தீர்க்கும் உரிமை தனக்கிருக்கிறது என்று லயத்துப் பிள்ளைக்கு ஓர் இரவு முழுக்கச் சொல்லிக்காட்ட ஒரு கதை இருந்தது. இதை நான் சிறிய செய்தியாக நினைக்கவில்லை.

2. தங்காள்

கூடப்பிறந்த மூன்றாவது பிள்ளை தங்காள். கதை நகரும் திருப்பங்கள் பலவும் அவள் சொல்லில்தான் தொடங்குகின்றன. காட்டுக்குள் இருக்கும் கிளிகள் வேண்டும் என்று அவள் கேட்கிறாள். அண்ணன்மார் கிளி பிடிக்கப் போவதிலிருந்து வேட்டுவரோடு பகை மூள்கிறது. வரப்போகும் கேட்டை அவள் கனவில் கண்டு சொல்கிறாள். சங்கர் அவசரக்காரன், பொன்னர் பொறுமைக்காரன். அந்த இருவருக்கும் நடுவில் நின்று இருவரையும் கேள்வி கேட்கக்கூடியவள் இவள் ஒருத்தியே. இருவரின் மனைவியரோ தனி மாளிகையில் ஒதுக்கப்பட்டு, கதையில் பெயரளவிலேயே இருக்கிறார்கள். இது கதையின் குறை, மழுப்ப வேண்டியதில்லை.

பதினாறு வயதில் அண்ணன்மார் படுகளத்தில் மாள்கிறார்கள். தங்காள் வனம் வனமாக அலைந்து உடல்களைக் கண்டுபிடிக்கிறாள். தெய்வ அருளால் அவர்களைச் சிறிது நேரத்துக்கு எழுப்புகிறாள். மணப்பாறைக்கு அருகே வீரப்பூரில் மாசி மாதம் நடக்கும் பெரியக்காண்டியம்மன் திருவிழாவில் இந்தக் காட்சி இன்றும் சடங்காக நிகழ்கிறது. அருள் வந்து விழுந்து கிடக்கும் ஆண்களைத் தங்காளின் இடத்தில் நிற்பவள் தண்ணீர் தெளித்து எழுப்புகிறாள். கூடியிருப்பவர்கள் அந்த உடல்களைச் சுற்றி நின்று காக்கிறார்கள்.

இதற்குப் பக்கத்தில் வைக்க வேறொரு செய்தி இருக்கிறது. 1988இல் பேட்மேன் கதையின் இரண்டாவது ராபின் ஜோக்கரிடம் சிக்கியபோது, அவன் சாக வேண்டுமா பிழைக்க வேண்டுமா என்று வாசகர்களையே தொலைபேசியில் வாக்களிக்கச் சொன்னது பதிப்பகம். சாகட்டும் என்று 5,343 பேர், பிழைக்கட்டும் என்று 5,271 பேர். வெறும் 72 வாக்குகளில் சிறுவன் கொல்லப்பட்டான். பிறகு 2005இல் பதிப்பகமே அவனை உயிர்ப்பித்தது. அங்கே கதை கேட்பவரின் கையில் ஒரு தொலைபேசி எண்ணைக் கொடுத்தார்கள். இங்கே விழுந்தவனின் உடலைக் கொடுக்கிறார்கள். காவலனின் சுற்றத்தில் பார்வையாளருக்கும் ஓர் இடம் உண்டு என்று பாடிய மக்கள் எவ்வளவு முதிர்ந்தவர்கள் என்று எண்ணி நான் வியக்கிறேன்.

3. சாம்புவன்

அண்ணன்மாரின் துணைவன் சாம்புவன். பறையடிக்கும் குலத்தவன்; வலிமையில் சங்கருக்கு இணையானவன்; தூதும் காவலும் போரும் அவன் வேலை. கொங்கு நாட்டு அண்ணன்மார் கோயில்களில் அவனுக்கும் உருவம் உண்டு.

இந்த இடத்தில் சங்கடமான ஓர் உண்மையை நேராகப் பார்க்க வேண்டும். இது நிலமுள்ள கவுண்டர் வீட்டுக் கதை. கடல் கடந்து இந்த மலைகளுக்கு வந்தவர்களில் பெரும்பகுதியினர் நிலமில்லாதவர்கள். பள்ளர், பறையர், சக்கிலியர் குலங்களைச் சேர்ந்தவர்கள். கதையில் அவர்களுக்கு ஒதுக்கப்பட்ட இடம் சாம்புவனின் இடமே. அப்படியிருந்தும் அவர்கள் அந்தக் கதையைச் சுமந்து வந்தார்கள். ஏன் என்று பல ஆய்வாளர்கள் கேட்டிருக்கிறார்கள். பழக்கம் என்பது பொதுவாகக் கிடைக்கும் விடை. எனக்கு அது போதவில்லை.

கதை இடம் மாறியபோது அதன் எடையும் இடம் மாறியது என்று கருதுகிறேன். கொங்கு நாட்டில் கோயிலும் நிலமும் பரிவட்டமும் கவுண்டருடையவை. பறை வாசலுக்கு வெளியே நிற்கும். தோட்டத்திலோ நிலம் எவருக்கும் இல்லை. கவுண்டரும் கொழுந்துக்கூடை சுமந்தவர்களில் ஒருவர். இருட்டோடு ஆட்களை எழுப்பிப் பெரட்டுக்களத்துக்கு அழைத்தது தப்பு என்ற பறை. சாவு வீட்டுக்கும் தப்பு, திருவிழாவுக்கும் தப்பு. காமன் ஊன்றினாலும் அருச்சுனன் தவம் ஏறினாலும் தப்பு இல்லாமல் ஒரு காலடி நகராது. கதைக்குள் சாம்புவன் அண்ணன்மாருக்குத் துணைவன். மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தப்புக்காரரோ அன்றைய இரவையே நடத்துகிறவர். சங்கர் எப்போது வாளெடுக்க வேண்டும் என்பதை அவருடைய அடி தீர்மானிக்கிறது.

அல்ஃபிரட்டை இதோடு ஒப்பிடுங்கள். அவர் பேட்மேனுக்குக் காயம் கட்டுகிறார், அறிவுரை சொல்கிறார், தந்தையைப் போல அன்பு காட்டுகிறார். மாளிகையின் பணியாள் என்ற நிலையைவிட்டு அவர் வெளியேறுவதில்லை, வெளியேற வேண்டும் என்று கதையும் நினைப்பதில்லை. நம் கதையிலும் சாம்புவனின் சாதி மாறிவிடவில்லை. தோட்டங்களில் சாதி ஒழிந்துவிட்டது என்று சொல்லும் துணிவும் எனக்கு இல்லை. ஆனால் ஆடுகிறவர்களின் வாழ்க்கை மாறியபோது, துணைவன் இல்லாமல் நாயகன் அசைய முடியாது என்ற உண்மை மேடையில் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. கொங்குப் பாடத்தில் புதைந்து கிடந்த அந்த உரிமையைப் புறத்தே எடுத்தவர்கள் மலையகக் கலைஞர்கள் என்றே மதிப்பிடுகிறேன்.

4. பொன்னாச்சி

சுற்றத்தில் மிகச் சிறியவள் பொன்னாச்சி என்ற பெண்நாய். கையளவு உருவம். கொம்பன் என்ற பெரும் காட்டுப்பன்றி வயலை அழிக்கிறது. அண்ணன்மார் படை திரட்டி, வேட்டை நாய்களைத் திரட்டி, காட்டுக்குப் போகிறார்கள். பொன்னாச்சியை யாரும் கூப்பிடவில்லை. அவ்வளவு சிறிய நாயால் என்ன ஆகும் என்ற எண்ணம். அவமானப்பட்ட நாய் தன் ஆற்றலால் வேட்டைக்குப் போனவர்களை நோயில் வீழ்த்துகிறது. பெரும்படை காட்டோரத்தில் சுருண்டு கிடக்கிறது. காரணம் தெரிந்த பிறகு, நாயை அழைத்துவர வீட்டுக்கு ஆளனுப்புகிறார்கள். தங்காள் அதை அனுப்பி வைக்கிறாள். எந்த வீரனாலும் நெருங்க முடியாத கொம்பனின் அடிவயிற்றுக்குக் கீழே புகுந்து, விதையைக் கடித்து அதை வீழ்த்தியது பொன்னாச்சி. அதன் பிறகே சங்கரின் ஈட்டி பாய்ந்தது.

உலகின் நாயகர் கதைகளில் நாய்களுக்குக் குறைவில்லை. 1955இல் மட்டும் சூப்பர்மேனுக்குக் கிரிப்டோ என்ற நாயும் பேட்மேனுக்கு ஏஸும் கிடைத்தன. அவை எசமானைத் தேடி ஓடும், மோப்பம் பிடிக்கும், காப்பாற்றும். தன்னை மதிக்காத எசமானைப் படுக்கையில் வீழ்த்தும் நாயை நான் அவற்றில் பார்த்ததில்லை. பொன்னாச்சிக்குத் தடுக்கும் அதிகாரம் இருக்கிறது. அவளைக் கேட்காமல் படை நகரக் கூடாது. சுற்றத்தில் மிகச் சிறியதை விட்டுவிட்டுப் புறப்பட்ட காவலனுக்குக் காய்ச்சல் வரும் என்று இந்தக் கதை சட்டம் எழுதுகிறது.

அரைப்பேர் போடுவது என்றால் என்னவென்று இந்த மண்டபத்திலுள்ள தாய்மாருக்குத் தெரியும். நாள் முழுக்க மழையில் நின்றும் கொழுந்தின் நிறை போதவில்லை என்று பாதிச் சம்பளம். சிறிய ஆளாக, எண்ணப்படாத ஆளாக வைக்கப்பட்டவர்கள் பொன்னாச்சி வரும் கட்டத்தை எப்படிக் கேட்டிருப்பார்கள்! இந்தக் கதையின் நெஞ்சு சங்கரின் வாளில் இல்லை, இந்த நாயிடம் இருக்கிறது என்பது என் முடிவு.

5. குதிரையும் ரோதையும்

காவலனுக்கு ஊர்தி வேண்டும். அண்ணன்மாருக்குக் குதிரை, மாயாவிக்கு வெண்குதிரை, ஐயனாருக்கு மண்குதிரை. பேட்மேனின் கார் செல்வத்தின் அடையாளம். வேறு யாராலும் அதை வாங்க முடியாது.

தோட்டத்தில் குதிரையேறி வந்தவர் துரை. அங்கே தொழிலாளர்கள் தங்கள் காவலனை எதில் ஏற்றினார்கள்? தேயிலைத் தொழிற்சாலையின் பெரிய ரோதையிலேயே முனியை ஏற்றினார்கள். கை கால்களை இழுத்துக்கொள்ளக்கூடிய இயந்திரத்துக்குப் பக்கத்தில் ரோதைமுனி குடியேறினார். கவ்வாத்து வெட்டத் தொடங்குமுன் கும்பிடக் கவ்வாத்துச் சாமி வந்தார். துரையின் இயந்திரமும் துரையின் கத்தியும் தங்கள் காவலனின் உடைமைகளாக மாறிய இந்தத் துணிச்சலுக்கு நிகராக எந்தச் சித்திரக்கதையிலும் ஓர் ஊர்தியை நான் கண்டதில்லை.

6. பகைவர்

கொம்பன் வெறும் மிருகமில்லை. வேட்டுவர் குலத்து வீரதங்காள் அதை வளர்த்தாள். அண்ணன்மாருக்குத் தங்காள் எப்படியோ, கொம்பனுக்கு அவள் அப்படி. பகைவன் தலையூர்க் காளிக்கும் நிலமும் குலமும் மானமும் இருக்கின்றன. அவன் பக்கத்திலும் ஒரு சுற்றம் முழுமையாக நிற்கிறது. பாட்டன் திருத்திய காடு முன்பு யாருடையது என்ற கேள்வியைக் கதை மூடி வைக்கவில்லை. கிளியைப் பிடித்தவர்கள் யார், யாருடைய காட்டில் பிடித்தார்கள் என்பதைக் கேட்பவர் மறக்க முடியாது.

ஜோக்கருக்கு இப்படி ஒரு வீடு கிடையாது. அவன் எங்கிருந்து வந்தான் என்பதே கதைக்குக் கதை மாறும். பிடிபட்டால் மனநோய் விடுதி, தப்பினால் மறுபடி கொலை. பகைவனுக்குக் காரணம் இல்லாதபோது அவனோடு பேச வேண்டிய தேவையும் இல்லாமல் போகிறது.

ஊவாவில் இருந்துகொண்டு இதைச் சொல்லும்போது நான் கவனமாக இருக்க வேண்டும். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், உறுதி காட்ட முடியாத காட்டையும் சேனை நிலத்தையும் முடிக்குரியது என்று சொல்ல வழிசெய்தது. அதற்கு 22 ஆண்டுகளுக்கு முன், 1818இல், ஊவா வெல்லஸ்ஸ எழுச்சியை ஆங்கிலேயர் நசுக்கியிருந்தார்கள். அந்தக் காயம் ஆறாத மண்ணில் காடு வெட்டிக் கோப்பி நட நம் முன்னோர் கூட்டிவரப்பட்டார்கள். கிராமத்துச் சிங்கள விவசாயியின் கண்ணில் வெட்டியவனின் கைதான் தெரிந்தது. வெட்டச் சொன்னவன் பங்களாவில் இருந்தான். காட்டைத் திருத்தியவனின் பெருமையோடு காட்டுக்காரனின் வலியையும் சேர்த்துப் பாடும் கதை ஒன்று நம்மிடம் இருக்கிறது. சிங்களப் பாடசாலைப் பிள்ளைகளோடு சேர்ந்து ஆடிக்காட்டத் தகுந்த கதை இது என்று ஆசிரியர்களிடம் அழுத்திச் சொல்கிறேன்.

பகைவனோடு என்ன செய்வது என்பதற்கு இந்த மாகாணத்திலேயே நடந்த ஒன்றையும் நினைவூட்ட வேண்டும். 1940இல் பதுளை வேவெஸ்ஸ தோட்டத்தில் லங்கா சமசமாஜக் கட்சியின் சங்கத்தின் கீழ் வேலைநிறுத்தம் நடந்தது. தொழிலாளர்கள் தங்களுக்குள் தேர்தல் வைத்து ஒரு சபையை அமைத்தார்கள். அந்தச் சபையைக் கலந்துகொண்டே நடப்பதாகத் தோட்டத்துரை ஒப்புக்கொண்டார். ஒழுங்கை நிலைநாட்ட வந்த ஆயுதப் பொலிஸாரின் ஆயுதங்களையே தொழிலாளர்கள் பறித்துக்கொண்டார்கள். தனி வீரன் ஒருவன் அங்கே வரவில்லை. சுற்றமே காவலனாக எழுந்தது. விடிய விடியப் பொன்னர் சங்கர் கேட்டு வளர்ந்தவர்கள் அந்தக் கூட்டத்தில் இருந்ததால்தான் அது நடந்தது என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்ல ஆதாரம் வேண்டும். கேட்காமல் படை நகரக் கூடாது என்ற எண்ணம் அவர்களுக்குப் புதியதாக இருந்திருக்காது என்று மட்டும் சொல்வேன்.

7. சுற்றம் பிரிக்கப்பட்டபோது

மதுரைவீரன் 1956இல் திரைக்கு வந்தபோது, வீரனாக நின்ற எம்.ஜி.ஆர். நாவலப்பிட்டிப் பக்கத்தில் பிறந்த பிள்ளை என்று மலைநாடே பெருமைப்பட்டது. ஆனால் அந்தத் தலைமுறை தன் சுற்றம் எண்ணிப் பிரிக்கப்படுவதைக் கண்ணால் கண்டது. 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி ஸ்ரீமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேரை இலங்கை ஏற்கும், மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 1974இல் அந்த மீதியையும் சரிபாதியாக்கினார்கள். அண்ணன் ஒரு பட்டியல், தங்கை ஒரு பட்டியல் என்று வீடுகள் பிரிந்தன. தலைமன்னாருக்குப் போன புகைவண்டிக்கு ஒப்பாரிக் கோச்சி என்று மக்களே பெயர் வைத்தார்கள்.

கூத்து ஆய்வில் இதன் விளைவு போதுமான அளவு பேசப்படவில்லை. பொன்னர் சங்கர் ஒரு தோட்டத்தில் நடக்க வேண்டுமானால் பாத்திரங்கள் குடும்பங்களில் நிலைத்திருக்க வேண்டும். பாட்டுக்கும் அடவுக்கும் வாத்தியாரின் வாயும் உடம்பும்தான் ஏடு. ஒரு குடும்பம் கப்பலேறினால் ஒரு பாத்திரம் கப்பலேறிவிடுகிறது. நாயகன் வேடத்துக்கு எப்படியும் ஓர் இளைஞன் கிடைப்பான். எல்லோருக்கும் சங்கராக ஆசை. தங்காளுக்கும் சாம்புவனுக்கும் கொம்பனுக்கும் உரிய பாட்டுகள்தான் முதலில் அறுந்துபோகும். தாயகம் திரும்பியவர்களுக்காகத் தமிழ்நாடு அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் திட்டத்தில் கோத்தகிரி, குன்னூர், கூடலூர் மலைகளில் நம் மக்கள் குடியேறினார்கள். நம்மிடம் அறுந்த பாட்டின் மறுபாதி அங்கே யாருடைய நினைவிலாவது இருக்க இடமுண்டு.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையைப் பற்றி இந்த ஊரில் நான் விவரிக்க வேண்டியதில்லை. மீரியபெத்தவில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின. பாடசாலைக்குப் புறப்பட்டுப் போயிருந்த பிள்ளைகளில் சிலர் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, வீட்டாரும் இல்லை. அந்தச் சரிவு ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. காவலுக்குப் பொறுப்பானவர்கள் யார், அவர்கள் யாருக்குக் கணக்குச் சொல்ல வேண்டியவர்கள் என்ற கேள்வி அன்று கேட்கப்பட்டது. இன்னும் கேட்க வேண்டும். பிழைத்தவர்கள் பழைய தேயிலைத் தொழிற்சாலைக்குள் நீண்ட காலம் தங்கியிருந்தார்கள். ஒரு லயத்து மக்களை இடம் மாற்றும்போது வீட்டுக்கு ஒரு சாவி கொடுப்பதோடு வேலை முடிவதில்லை. யாருக்கு யார் பக்கத்து வீடு, எந்தச் சாமி எந்த மரத்தடியில், எந்தக் கூத்தில் யாருக்கு எந்த வேடம் என்பதும் அந்தக் குடியிருப்பின் பகுதிதான்.

ஆகவே ஒரு வேலையை முன்வைக்கிறேன். இந்தப் பகுதித் தோட்டங்களில் பொன்னர் சங்கர் ஆடிய மூத்த கலைஞர்களைப் பாத்திரம் பாத்திரமாகப் பதிவு செய்ய வேண்டும். வழக்கமாக நாயகர்களின் பாட்டை மட்டும் ஒலிப்பதிவு செய்துவிட்டுப் போகிறார்கள். தப்புக்காரரிடமிருந்து தொடங்குங்கள், அடவுக்கு அடவு அவர் அடிக்கும் சொற்கட்டை எழுதுங்கள். தங்காளின் வேடம் எந்த வீட்டில் இருந்தது, அந்த வீடு இன்று இங்கே இருக்கிறதா, நீலகிரியில் இருக்கிறதா, கொழும்புக் கடைகளிலா, மத்திய கிழக்கிலா என்று கேளுங்கள். பொன்னாச்சியின் கட்டத்தை முழுமையாக ஆடிய குழு எது, ஒரே பாட்டில் கடந்துபோன குழு எது, எந்த ஆண்டிலிருந்து சுருங்கியது என்று குறியுங்கள். உயர்தர வகுப்பு மாணவர்கள் தம் தோட்டத்துப் பெரியவர்களிடம் தாமே போய்க் கேட்கலாம், கைப்பேசி போதும். கூடலூர்ப் பகுதியில் இதேபோல் கேட்கக்கூடிய ஆசிரியர்களோடு நான் தொடர்பு ஏற்படுத்தித் தருகிறேன். வருகிற மாசிக்கு முன் தொடங்க வேண்டும், ஏனென்றால் மூத்தவர்களுக்கு அடவு உடம்பில் நினைவு வருவது கூத்துக் காலத்தில்தான். இந்தச் சொற்பொழிவுக்காக எனக்குத் தரவிருக்கும் தொகையை அந்தப் பதிவின் முதல் செலவுக்கு வைத்துக்கொள்ளும்படி அறக்கட்டளையினரை வேண்டுகிறேன்.